அப்பா அளந்த ஆறு பாடல்கள்

காதலில் தோற்ற ஆண்களுக்கு ஒரு வசதி உண்டு. தாடி வளர்த்துக்கொள்ளலாம். பார்க்கிறவர்கள் தாமாகவே புரிந்துகொண்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, தோளில் தட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு அந்த வசதி இல்லாததால் ஒரு பாட்டு ஆல்பம் போட்டேன். தாடியென்றால் ஒருநாள் காலையில் சிரைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கலாம். ஆல்பத்தை அப்படிச் செய்ய முடியவில்லை.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மதுரையில் காளவாசலுக்குப் பக்கத்தில் வீடு. ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தில் வேலை. அங்கே கம்ப்யூட்டர் பிரிவுக்கு வந்து சேர்ந்தான் பிரணவ். எங்கள் காதல் மொத்தம் பதினோரு வாரம் நடந்தது. அதில் இரண்டு வாரம் அவனுக்கு வைரஸ் காய்ச்சல், ஒரு வாரம் எனக்கு. (அவனிடமிருந்து தொற்றியது என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது.) மீதி எட்டு வாரத்தில் நான்கு முறை கேன்டீனில் ஒன்றாக டீ குடித்தோம். ஐந்தாவது டீக்கு முன்னால் அவனுக்குப் புனேயில் வேலை கிடைத்துவிட்டது. நம் இருவரின் பயணமும் வேறு வேறு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு ரயிலேறினான்.

எனக்கு உலகம் இருண்டுவிட்டது. இருண்ட உலகத்தில் இயர்போன் மாட்டிக்கொண்டு படுத்தேன். அந்த நாட்களில் நான் கேட்டதெல்லாம் ஒரே மாதிரிப் பாட்டுகள். எங்கெங்கோ இருக்கிற இளைஞர்கள், சொந்த அறையில் உட்கார்ந்து, ஒரு கிதாரை வைத்துக்கொண்டு, நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில் இருப்பவர்களைப் போன்ற குரலில் பிரிவைப் பற்றி முணுமுணுப்பார்கள். சினிமாவுக்காகப் பாடாமல் தனக்காகப் பாடுவது. இண்டி பாப் என்று பெயர். எல்லாப் பாட்டிலும் மழை பெய்யும். ஜன்னலோரம் ஒரு காலிக் காபிக் கோப்பை இருக்கும். ஆறாவது நாள், இதை நாமே பாடலாமே என்று தோன்றிவிட்டது. என்னிடம் கல்லூரி நாளில் வாங்கிய ஒரு கிதார் இருந்தது. தந்திகளை அழுத்தி மீட்டும் கார்டு நான்கு தெரியும். சோகத்துக்கு மூன்றே போதும்.

சிக்கல் என்னவென்றால் அது சித்திரை மாதம். மதுரையில் மழைக்கு எங்கே போவது? காலிக் காபிக் கோப்பையும் கிடைக்காது. நான் கீழே வைத்த மறுநொடி அம்மா கழுவிக் கவிழ்த்துவிடுவார். துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பாடினால் எதிரொலி இல்லாமல் பதிவாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்து, சேலைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தேன். ஃபேன் சத்தம் விழும் என்பதால் அதையும் நிறுத்தியாயிற்று. மூன்றாவது பாட்டில் நான் விடும் நீண்ட பெருமூச்சைக் கேட்டுவிட்டுப் பின்னால் இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் 'இழப்பின் உச்சம்' என்று எழுதியிருந்தார். அது புழுக்கத்தின் உச்சம். அதே பாட்டின் கடைசியில் அம்மா வைத்த குக்கர் இரண்டு விசில் அடிக்கும். அதைத் தூரத்து ரயில் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

நான் முணுமுணுப்பது வெளியே கேட்டு, தொண்டை கட்டிக்கொண்டது என்று அம்மா தினமும் மிளகுப்பால் கொடுத்தார். ஆல்பம் முடிவதற்குள் ஒன்றரை கிலோ ஏறினேன்.

இதுவரை யாருக்கும் கெடுதலில்லை. கெடுதல் வந்தது என் முன்யோசனையால்.

பாட்டில் வருவது பிரணவ்தான் என்று அலுவலகத்தில் யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது. அவனுடைய அடையாளம் எதுவுமே இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். ஆனால் காதலன் என்றால் ஏதாவது அடையாளம் வேண்டுமே. அதனால் வேறு ஒருவருடைய அடையாளங்களை இரவல் வாங்கிக்கொண்டேன். கல்லூரிப் பஸ்ஸுக்காக நான் தினமும் காளவாசல் பாலத்துக்கடியில் சிக்னல் ஓரமாக நிற்பேன். எட்டரை மணி வாக்கில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவர் ஸ்கூட்டரில் வந்து சிவப்பு விளக்குக்கு நிற்பார். காலடியில் ஒரு நீல டப்பா இருக்கும். பச்சை விழுந்ததும் பேக்கரிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் போய்விடுவார். முகத்தை நான் பார்த்ததே இல்லை. இதைவிடப் பாதுகாப்பான ஆள் கிடைப்பாரா? ஆறு பாட்டிலும் அவரையே போட்டேன். மஞ்சள் கவசம், சிக்னல், பேக்கரித் திருப்பம், வண்டி எண்ணின் கடைசியில் வரும் இரண்டு ஏழு, எல்லாம் போட்டேன். நீல டப்பாவுக்குத் தனியாக இரண்டு வரி:

நீல டப்பாவில் மூடி
நீ கொண்டு போவது என் உயிரோ

ஆல்பத்துக்கு 'பச்சை விழாத சிக்னல்' என்று பெயர் வைத்தேன். பாடகி பெயர் மேகா. (என் பெயர் பேச்சியம்மாள். குலதெய்வத்தின் பெயர். இந்தப் பெயரோடு முணுமுணுத்துப் பாடினால் சாமி வரப்போகிறதென்று விலகி நின்றுவிடுவார்கள்.) இணையத்தில் ஏற்றினேன். பிரணவுக்கும் லிங்க் அனுப்பினேன். அவன் ஒரு பெருவிரல் பொம்மையைப் பதிலாக அனுப்பினான். மொத்தம் பத்துப் பதினைந்து பேர் கேட்டிருப்பார்கள். அதில் நான் மூன்று பேர்.

இன்னொருவர் அப்பா.

எங்கள் வீட்டில் கேஸ் முதல் கரண்ட் வரை எதற்கு எண் கேட்டாலும் அப்பாவின் செல் எண்ணைத்தான் கொடுப்போம். பழக்கதோஷத்தில் நான் பாட்டு ஏற்றிய தளத்துக்கும் அதையே கொடுத்துவிட்டேன். 'உங்கள் ஆல்பம் வெளியாகிவிட்டது' என்று அவருக்குச் செய்தி போனது.

அப்பா அப்போது மேலூர் தாலுகா அலுவலகத்தில் சர்வேயர். வாழ்நாள் முழுக்க வயலையும் வரப்பையும் அளந்தவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் நான்கு எல்லையும் சொல்லித்தான் பேசுவார். உப்பு டப்பா எங்கே என்று அம்மா கேட்டால், 'அடுப்புக்குக் கிழக்க, சீனி டப்பாவுக்குத் தெக்க' என்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள் காலை மேலூர் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த லிங்கைத் தொட்டிருக்கிறார். பாட்டு மிக மெதுவாகக் கேட்கவே இயர்போன் பழுது என்று நினைத்து, ஜன்னல் சத்தத்துக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார். ஒத்தக்கடை தாண்டும்போதுதான் அது யார் குரல் என்று தெரிந்திருக்கிறது. அதற்கப்புறம் அவர் மேலூரில் இறங்கவில்லை. கொட்டாம்பட்டியில் கண்டக்டர் எழுப்பிக் கேட்டபோது, அவர் தூங்கவில்லையாம், அழுதுகொண்டிருந்தாராம். அன்றைக்குத் திருவாதவூரில் வயலை அளக்கச் சொல்லிக் காத்திருந்த குடும்பம் மத்தியானம் வரைக்கும் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தது.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா கொஞ்சம் மாறிவிட்டார் என்பதுதான். சாப்பிடும்போது திடீரென்று, காளவாசலில் எந்தப் பக்கம் நின்று பஸ் ஏறுவாய் என்று கேட்டார். பேக்கரிக்கு வடக்கா மேற்கா என்று அடுத்த கேள்வி. எனக்கு ஒரு தட்டு கறிதோசை கூடுதலாக வைக்கச் சொன்னார். ஒருநாள் நான் சிக்னலில் நிற்கும்போது, எதிர்ச் சாரியில் குடை பிடித்தபடி, கையில் தன் அளவைக் குறிப்பு நோட்டோடு அப்பா நிற்பதைப் பார்த்தேன். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் போல, அப்பா அளக்க வந்திருக்கிறார் என்று பக்கத்தில் நின்ற தோழியிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, எங்கள் தெருவும் போய்விடுமோ என்று கவலை வேறு பட்டேன்.

அப்பா அளந்தது மஞ்சள் ஹெல்மெட்டை. ஏழு ஏழு என்று முடிகிற ஸ்கூட்டர் பேக்கரிக்கு அந்தப் பக்கம் திரும்பி எங்கே நிற்கிறது என்று போய்ப் பார்த்தார். அது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். சும்மா உள்ளே போய் ஆளைப் பார்க்க முடியாதே. அதனால் மறுநாள் வெறும் வயிற்றில் போய், ரத்தம் பார்க்க வேண்டும் என்று கையை நீட்டிவிட்டார். ஊசி போட்டவர் சட்டையில் பெயர் இருந்தது: யூசுப்.

ஒரு முறை பார்த்து ஆளை எடைபோட முடியாது என்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை ரத்தம் கொடுத்தார். மூன்று மாதச் சராசரி பார்க்கிற பரிசோதனை ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் அதற்கும் ஒரு தடவை. முடிவில் அப்பாவுக்கு நிஜமாகவே சர்க்கரை இருந்தது, அதுவும் ஏகத்துக்கு. ரிசல்ட் காகிதத்தைக் கையில் கொடுத்த யூசுப், இதை இப்படியே விடக் கூடாது சார், இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள் என்று வற்புறுத்தி, தானே ஒரு டாக்டருக்குப் போன் போட்டு அனுப்பியிருக்கிறார். வருங்கால மாமனார் மேல் இந்தப் பையனுக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று அப்பா நெகிழ்ந்துபோய்விட்டார். பேச்சோடு பேச்சாக அவர் வீடு எங்கே என்றும் கேட்டு வைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம் என்று தலை நிறைய நல்லெண்ணெயை வைத்துக்கொண்டு நான் வாசலில் நிற்கிறேன். அப்பா முழுக்கைச் சட்டை போட்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வந்தார். ஓரிடத்துக்குப் போய்வரலாம் வா என்றார். குளித்துவிட்டு வருகிறேன் என்றால் கேட்கவில்லை. ரெண்டு நிமிஷ வேலைதான், வண்டியில் ஏறு என்றார். மளிகைக் கடைக்குப் போலிருக்கிறது என்று, வெளுத்துப்போன பழைய சுடிதாரோடு, கழுத்தில் எண்ணெய் வழிய ஏறி உட்கார்ந்தேன்.

வண்டி கடைவீதியைத் தாண்டியது. பெரியார் நிலையத்தைத் தாண்டியது. தெற்குவாசல் பக்கம் ஒரு சந்தில் திரும்பி, பச்சைக் கதவு போட்ட வீட்டு முன்னால் நின்றது. அப்பா ஒரு பையை எடுத்தார். அதில் ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு கட்டு வெற்றிலை பாக்கு. யார் வீடு என்று கேட்டேன். அப்பா என் தலையை ஒரு தடவை பார்த்தார். எண்ணெய் அவருக்குத் தெரிந்த மாதிரியே இல்லை.

"பயப்படாத தாயி. அப்பா பேசிக்கிறேன்" என்றார்.

கதவைத் திறந்தது ஒரு பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அப்பா வணக்கம் சொல்லி, தம்பி இருக்கிறாரா என்றார். யாராவது தெரிந்தவர்களாக இருக்கும் என்று அந்த அக்காவும் உள்ளே வரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்து எதிர்ச்சுவரைப் பார்த்தேன். ஆணியில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து கைலியும் பனியனுமாக ஒருவர் வந்தார். அப்பாவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா சார், நடக்கிறீர்களா என்று விசாரித்தார். அப்பா எழுந்து நின்றார். மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொல்கிற குழந்தை மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

"தம்பி, நீங்க வேற ஆளுக, நாங்க வேற ஆளுக. அதுக்காக ரெண்டு பேரும் பயந்து ஒதுங்கிப் போக வேணாம். நான் மூணு வாரமா யோசிச்சுட்டுத்தான் வந்துருக்கேன். எனக்குப் பூரண சம்மதம்."

குழந்தை ஆப்பிள் பையை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. அந்த அக்கா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"என்னத்துக்குங்க சம்மதம்?"

அப்பா அவரை அதுவரைக்கும் யூசுப்பின் தங்கை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதனால் கொஞ்சமும் தயங்காமல், கல்யாணத்துக்குத்தாம்மா என்றார். எம் மக தம்பியை நினைத்து ஆறு பாட்டுப் பாடியிருக்கிறாள், கேட்டால் உங்களுக்கே மனசு தாங்காது என்று சொல்லி, யாரும் கேட்காமலே செல்போனை எடுத்துப் பாட்டைப் போட்டுவிட்டார்.

துணி அலமாரிக்குள்ளிருந்து என் குரல் அந்த வீட்டுக் கூடத்தில் வந்து விழுந்தது. மஞ்சள் கவசம் மாட்டி என் காலையைக் கடந்து போனாய். எல்லாரும் சுவரில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார்கள். பேக்கரித் திருப்பம் வந்தது. ஏழு ஏழு வந்தது. யூசுப்பின் முகம் வெளிறிக்கொண்டே போனது. நிறுத்துங்கப்பா என்று சொல்ல நினைத்தேன், வெறும் காற்றுதான் வந்தது. (இண்டி பாப்புக்கு ஏற்ற குரல் அன்றைக்குத்தான் எனக்கு அமைந்தது.) நீ கொண்டு போவது என் உயிரோ என்று பாட்டு கேட்டபோது, யூசுப் கிட்டத்தட்டக் கெஞ்சும் குரலில் பதில் சொன்னார்.

"சார், அது சாம்பிள் டப்பா சார். வீடு வீடாப் போயி எடுத்துட்டு வாற ரத்தமும் ஒண்ணுக்கும் சார்."

அந்த அக்கா குழந்தையோடு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் விழுந்தது.

அது யார் என்று அப்பா கேட்டார். எம் வீட்டுக்காரி சார் என்றார் யூசுப். ஷமீமா, ஷமீமா என்று மூடிய கதவுக்கு வெளியே நின்று அவர் அல்லாவின் மேல் ஆணையிட்டார். ஒரு பாவமும் அறியாத மனிதர். காலையில் எழுந்து அவர் பாட்டுக்கு வேலைக்குப் போனதைத் தவிர எதுவும் செய்யாதவர். அவர் குடும்பத்தில் நான் நெருப்பை வைத்துவிட்டேன். என் அப்பாவோ வெற்றிலை பாக்குப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கல்லை எங்கே தப்பாக நட்டோம் என்று தெரியாமல் நிற்கிறார்.

அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. எழுந்து போய் அந்தக் கதவருகே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இவர் யாரென்றே எனக்குத் தெரியாது, இவர் முகத்தை இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறேன், நிஜத்தில் ஆள் வேறு, அவன் பெயர் பிரணவ், புனேக்குப் போய்விட்டான், அவனை மறைக்கத்தான் இவருடைய ஹெல்மெட்டை எடுத்துப் போட்டேன் என்றேன். எத்தனை நாள் பழக்கம் என்று அறைக்குள்ளிருந்து கேள்வி வந்தது. பதினோரு வாரம் என்றேன். நியாயமாக இருக்க வேண்டுமென்று காய்ச்சல் வாரங்களையும் கழித்துச் சொன்னேன். நான்கு டீயையும் சொன்னேன். பின்னால் நின்று அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என் காதலை அவருக்குச் சொல்ல வேண்டி வரும் என்று எத்தனையோ விதமாகக் கற்பனை செய்திருக்கிறேன். ஒரு மூடிய கதவிடம், எண்ணெய்த் தலையோடு சொல்வேன் என்று நினைத்ததில்லை.

கதவு திறந்தது. ஷமீமா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்து, ஹெல்மெட்டை எடுத்து மாட்டுங்க என்றார். யூசுப் கைலி பனியனோடு மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டி, முன்கண்ணாடியையும் இறக்கிவிட்டுக் கூடத்தின் நடுவில் நின்றார்.

"இப்பச் சொல்லு. இவரத் தெரியுதா?"

நான் பார்த்தேன். "ஆமாக்கா. இப்பத்தான் தெரியுது" என்றேன்.

அதில் பொய் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார். முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். குழந்தையும் காரணம் தெரியாமல் சிரித்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து யூசுப், கழற்றலாமா என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கட்டும் என்று அக்கா சொல்லிவிட்டார்.

எங்களைச் சும்மா அனுப்பவில்லை. டீ போட்டுக் கொடுத்து, அப்பாவுக்கு மட்டும் சீனி இல்லாமல் கொடுத்து, ஆறு பாட்டையும் முதலிலிருந்து போடச் சொல்லிக் கேட்டார். கேட்டு முடித்தபோது அவர் முகத்தில் சிரிப்பு குறைந்திருந்தது. இவரோடு எனக்கு நாலு வருஷம் ஆகிறது, இவர் சிக்னலில் நிற்பதை இப்படி யாராவது பார்ப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை என்று மெதுவாகச் சொன்னார். யூசுப் குனிந்து குழந்தையின் கொலுசைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது அப்பா வண்டியை மெதுவாக ஓட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. அஞ்சாவது பாட்டுல, கதவைத் தட்ட உனக்குத் துணிவில்லை, திறக்க எங்கள் வீட்டில் மனமில்லைன்னு வருதே. அது என்னையச் சொன்னதுதானே?"

நான் அந்த வரியை எழுதிய மத்தியானத்தை நினைத்துப் பார்த்தேன். முதல் வரி 'துணிவில்லை' என்று முடிந்துவிட்டது. அடுத்த வரியும் 'இல்லை' என்று முடிய வேண்டும். அவ்வளவுதான். அதை அப்படியே சொன்னேன். பாட்டுக்குப் பொருத்தமாக வர வேண்டுமே என்பதற்காகப் போட்டதுப்பா, உங்களை நினைக்கவேயில்லை என்றேன்.

அப்பா முன்சக்கரத்தைப் பார்த்தார்.

"அந்தப் பொருத்தத்துக்கா நான் மூணு வாரம் தூங்கல" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவப் போனார். மேசையில் அவருடைய அளவை நோட்டு கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க காளவாசல் சிக்னலை வரைந்திருந்தார். வடக்கே பேக்கரி, தெற்கே பஸ் நிறுத்தம், கிழக்கே பாலத்தின் தூண். என் பாட்டுகளுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டு, எந்த வரி எந்த இடத்தைக் குறிக்கிறது என்று புள்ளிக்கோடு இழுத்திருந்தார். நான் நிற்கும் இடத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்து, 'பே' என்று எழுதியிருந்தது. சிரிப்பு வந்தது. பக்கத்தைத் திருப்பினேன்.

செக்கானூரணிப் பக்கம் எனக்கு மூன்று சித்தப்பாக்கள் இருக்கிறார்கள். வரப்புத் தகராறுக்கே அரிவாளைத் தேடுகிறவர்கள். அந்தப் பக்கத்தின் தலைப்பில் 'தம்பிகளிடம் சொல்ல வேண்டியது' என்று இருந்தது. கீழே, தாலுகா அலுவலகக் கையெழுத்தில், மூன்றே வரிகள்.

1. படித்த பையன். நிலையான வேலை.
2. ஊசி போடும்போது வலிக்கவில்லை.
3. பேச்சி அழுகிறது.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் நோட்டை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, எண்ணெய் போகக் குளிக்கப் போனேன். அன்றைக்குக் குளிக்க ரொம்ப நேரம் ஆனது. பிரணவுக்காக நான் மொத்தமாக அழுததைவிட அன்றைக்கு அழுதது அதிகம் என்று நினைக்கிறேன்.

ஆல்பத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். அந்த ஆல்பத்தால் நடந்த ஒரே நல்ல காரியம் அப்பாவின் சர்க்கரை சீக்கிரமே தெரிந்ததுதான். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கண்ணையோ காலையோ தொட்டிருக்கும் என்று டாக்டர் சொன்னார். யூசுப் அண்ணனே மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போவார். ரம்ஜானுக்கு அங்கேயிருந்து பிரியாணி வரும், பொங்கலுக்கு இங்கேயிருந்து கரும்பு போகும். ஷமீமா அக்காவுக்குப் புருஷன் மேல் கோபம் வந்தால் இன்றைக்கும் ஒரே வார்த்தைதான்: போய் அந்த ஆறு பாட்டுக்காரியிடமே சோறு கேளுங்கள். அண்ணனும் நிஜமாகவே எனக்குப் போன் போட்டு, இன்றைக்கு என்ன குழம்பு தங்கச்சி என்று கேட்பார்.

மூன்று வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது. பாட்டு எதையும் பாடாமலே, பெண் பார்க்க வந்து அமைந்த மாப்பிள்ளை. மண்டபத்தில் அப்பா யூசுப் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வைத்தார். ஷமீமா அக்கா குழந்தைக்குச் சோறூட்டப் பந்திக்குப் போயிருந்தார். என் மாமியாருக்கு எல்லா உறவையும் தெரிந்துகொண்டாக வேண்டும். இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார். வாழ்நாளில் ஒரு நகைச்சுவை சொல்லி நான் கேட்டிராத என் அப்பா, முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல் பதில் சொன்னார்.

"எம் மகளுக்கு மொதல்ல பேசுன மாப்ள. அமையல."

சொல்லிவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். அதற்கு மேல் விவரம் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. மாமியார் நல்ல மனுஷி. மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும், பலகாரத்தட்டை என் கையில் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார், அந்தத் தம்பிக்கு அப்புறம் நல்ல இடமாக அமைந்ததா என்று.

அமைந்துவிட்டது அத்தை, ரொம்ப நல்ல இடம் என்று நானும் ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.